முப்பத்தைந்தின் கணக்கு

மே மாதம் வந்தால் எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்கள் பேப்பரின் முதல் பக்கத்துக்கு வந்துவிடுகின்றன. 2023இல் பத்தாம் வகுப்பில் பெரம்பலூர் மாவட்டம் 97.67 சதவீதத் தேர்ச்சியுடன் மாநிலத்தில் முதலிடம். 2024இல் அதே பத்தாம் வகுப்பில் அரியலூர், 97.31. 2025இல் பிளஸ் டூவில் மறுபடியும் அரியலூர், 98.82. ‘பின்தங்கிய’ என்ற அடைமொழி இல்லாமல் இந்த இரண்டு பெயர்களையும் எழுதிப் பழகாதவர்கள்கூட அந்த நாட்களில் ‘சாதனை’ என்று எழுதினார்கள். முந்திரிக்காட்டையும் சிமென்ட் லாரிகளையும் விட்டால் எங்களைப் பற்றிப் பேச வேறென்ன இருக்கிறது என்று நினைத்தவர்களுக்கு நல்ல பதில்.

சந்தோஷம்தான். கங்கைகொண்ட சோழபுரத்துக்காரனான எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ஆனால் 98.82 என்பது எதன் சதவீதம்? நூற்றுக்கு 35 மார்க்கைத் தாண்டியவர்களின் சதவீதம். அந்த 35க்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் 98ஐக் கொண்டாடினால் பாதிக் கணக்கோடு எழுந்துபோன மாதிரிதான்.

இந்தக் கணக்கை எனக்குப் போட்டுக் காட்டியவர் ஒரு கணக்கு வாத்தியார். திருச்சி–சிதம்பரம் சாலையில், கோயிலுக்குப் பக்கத்து டீக்கடையில் அடிக்கடி பார்க்கிற மனிதர். “காலாண்டுல பன்னெண்டு மார்க் வாங்குற பையனை பப்ளிக்ல எப்படி சார் பாஸ் பண்ண வைக்கிறீங்க?” என்று ஒருநாள் கேட்டேன். டீ கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு, பேப்பரின் ஓரத்திலேயே எழுத ஆரம்பித்துவிட்டார்.

“கேள்வித்தாளை எல்லாரும் முதல் கேள்வியிலேர்ந்து பாப்பாங்க. நாங்க கடைசியிலேர்ந்து பாப்போம். 43ஆவது கேள்வி ஜியோமெட்ரி. வடிவொத்த முக்கோணம், இல்லன்னா தொடுகோடு. எட்டு மார்க். 44 கிராப். அதுவும் எட்டு. ஆச்சா பதினாறு? ஒரு மார்க் பதினாலு இருக்கு. புக் பேக் கேள்வியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தான்னா ஒன்பது தேறும். இருபத்தஞ்சு. ரெண்டு மார்க்ல அஞ்சு வேணும். முதல் பாடத்துல A×B காண்க, கடைசிப் பாடத்துல வீச்சு, வீச்சுக்கெழு, இந்த மாதிரி அஞ்சு. முடிஞ்சது சார், முப்பத்தஞ்சு. அஞ்சு மார்க் கேள்விப் பக்கமே போக வேணாம்னு சொல்லிடுவோம். ஸ்கேல், காம்பஸ், நல்லா சீவின பென்சில், இது மூணும் இருந்தாப் போதும்.”

அவர் பேச்சில் பெருமையும் இல்லை, கூச்சமும் இல்லை. தொழில் தெரிந்தவர் தன் தொழிலைச் சொல்லும் தொனி. நூறு மார்க் தாளில் ஐந்து மார்க் கேள்விகள் மட்டும் பத்து, மொத்தம் 50 மார்க். அந்தப் பாதியை அப்படியே விட்டுவிட்டு மீதியில் ஒருவன் பாஸாகிறான். இதற்குத்தான் ‘மினிமம் மெட்டீரியல்’ என்று மெல்லிய புத்தகங்கள், ‘மெல்லக் கற்போர்’ என்று தனி வகுப்பு, சாயங்காலம் ஆறு மணி வரை ஸ்பெஷல் கிளாஸ். பிளஸ் டூவிலும் இதே கதைதான். செய்முறை உள்ள பாடத்தில் எழுத்துத் தேர்வு 70 மார்க்குக்கு. அதில் 15 எடுத்தால் போதும். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10 என்று மீதி 30இல் பெரும்பகுதி பள்ளியிலேயே கிடைத்துவிடும்.

இதைக் கேட்டதும் “அப்ப இதெல்லாம் ஏமாத்து வேலைதானே?” என்று சிலர் கிளம்புவார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. அந்தப் பையனின் வீட்டில் பத்தாம் வகுப்பு வரை வந்த முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான். அப்பா முந்திரிக்கொட்டை பொறுக்கப் போகிறார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். வீட்டில் கணக்குச் சொல்லித்தர ஆள் கிடையாது. அவனை உட்கார வைத்து, காம்பஸ் முனை நழுவாமல் ஒரு தொடுகோடு வரைய வைத்த வாத்தியார் ஏமாற்றவில்லை. அவர் ஒரு கதவைத் திறந்துவிட்டார்.

கதவு என்று சொல்லும்போது எங்கள் ஊர் ராஜாவை விட முடியாது. ராஜேந்திர சோழன் காலத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் ஒரு கல்லூரி இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். இளைய மாணவர்கள் 270 பேர், மூத்தவர்கள் 70 பேர். யாருக்கு நாளைக்கு எவ்வளவு நெல் என்பது வரை கணக்கு வெட்டியிருக்கிறார்கள். உள்ளே போனவனுக்குச் சாப்பாட்டுக் கவலை இல்லை. ஆனால் அது வேதமும் இலக்கணமும் படித்த இடம். யார் உள்ளே போகலாம் என்பதைப் பிறப்பே முடிவு செய்துவிட்டது. அந்தக் காலத்தில் வேலி பிறப்பு, இந்தக் காலத்தில் 35 மார்க். இரண்டில் எது தாண்டக்கூடிய வேலி என்று கேட்டால் எங்கள் தெருவில் யாரும் யோசிக்கவே மாட்டார்கள். அதனால்தான் 35ஐக் கேலி செய்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

இந்த 35 எங்கிருந்து வந்தது என்பதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுகிறது. வெள்ளைக்காரனுக்கு அவன் நாட்டில் 65 பாஸ் மார்க்காம், இந்தியனுக்குப் பாதி மூளைதான் என்று 32.5 வைத்தானாம், அது 33 ஆகி 35 ஆனதாம். கேட்க ரத்தம் கொதிக்கும். ஆதாரம் கேட்டால் மட்டும் அனுப்பியவர் பதில் போடுவதில்லை. 35 எங்கிருந்து வந்தது என்று சொல்லாவிட்டாலும், கோடு எப்படி நகரும் என்று சொல்லும் ஆதாரம் உள்ள கதை இதைவிட சுவாரசியமானது. கல்கத்தா பல்கலைக்கழகம் 1858இல் நடத்திய முதல் பி.ஏ. தேர்வில் ஒருவர்கூட எல்லாப் பாடத்திலும் தேறவில்லை. அதற்காகப் பட்டம் கொடுக்காமல் விட முடியுமா? ஒரு பாடத்தில் மட்டும் கொஞ்சம் குறைந்த இரண்டு பேருக்குக் கருணை மதிப்பெண் போட்டு பாஸாக்கினார்கள். அந்த இருவரில் ஒருவர் பின்னாளில் வந்தே மாதரம் எழுதிய பங்கிம் சந்திர சட்டர்ஜி. அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளே ‘பார்டர்’ கேஸ்கள்தான்.

ஆள் தேவைப்படும்போதெல்லாம் கோட்டை நகர்த்தி வைப்பது அன்றோடு முடியவில்லை. ஆசிரியர் தகுதித் தேர்வில் 150க்கு 90 எடுக்க வேண்டும் என்றிருந்ததை, 2014இல் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 82 ஆக்கினார்கள். கொரோனா காலத்தில் 2020இலும் 2021இலும் பத்தாம் வகுப்புத் தேர்வே இல்லாமல் எல்லோருக்கும் ‘தேர்ச்சி’ என்று அச்சடித்தார்கள். 2023இல் மருத்துவ மேற்படிப்புக்கான நீட் தேர்வில் இடங்கள் காலியாக நின்றபோது, தகுதிக்கான பர்சன்டைலைப் பூஜ்யத்துக்கே இறக்கியது மத்திய அரசு. பரீட்சை எழுதியிருந்தாலே தகுதி. எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டருக்கு பூஜ்யம் போதும். காம்பஸ் பிடித்த பையனுக்கு 35 வேண்டும். ஆக, பாஸ் மார்க் என்பது ஒருவனுக்கு எவ்வளவு தெரியும் என்று அளக்கும் கோல் அல்ல. எத்தனை பேரை உள்ளே விட நாம் தயாராக இருக்கிறோம் என்பதன் அளவு.

இந்தக் கோட்டின் கொடூர முகத்தையும் எங்கள் அரியலூர் மாவட்டம்தான் பார்த்தது. குழுமூர் அனிதா 2017இல் பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தார். நூற்றுக்கு 98. அதே வருஷம் நீட் தேர்வில் 720க்கு 86. அந்த ஆண்டு இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தகுதிக் கோடு 107. அதுவும் 35 மாதிரி முன்கூட்டியே தெரிந்த கோடு அல்ல. மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து மேலே போகும், கீழே வரும். உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்த அந்தப் பெண் செப்டம்பர் 1ஆம் தேதி உயிரை மாய்த்துக்கொண்டார். இன்று அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி அரங்கத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறோம். ஒரு பரீட்சையில் மாநிலத்தின் மேல்வரிசையில் இருந்தவர், வேறொரு பரீட்சையில் கோட்டுக்குக் கீழே. மூளை அதேதான், பாடத்திட்டமும் பயிற்சியும் வேறு. பாஸ், ஃபெயில் என்ற இரண்டு சொற்களையும் கல்வெட்டு மாதிரி நம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

2024 டிசம்பரில் மத்திய அரசு தன் பள்ளிகளில் ஐந்தாம், எட்டாம் வகுப்பிலேயே ஃபெயில் போடலாம் என்று விதியை மாற்றியது. தமிழ்நாடு மாட்டேன் என்றது. 2025 ஆகஸ்டில் வந்த மாநிலக் கல்விக் கொள்கையும் எட்டாம் வகுப்பு வரை ஃபெயில் இல்லை என்பதில் நின்றது, பிளஸ் ஒன் பொதுத்தேர்வையும் எடுத்துவிட்டது. பத்து வயசுப் பிள்ளைக்கு ஃபெயில் போட்டால் அது படிக்கப் போவதில்லை, ஆடு மேய்க்கப் போகும். இந்தப் பக்கத்தில் முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் நிறைய இருக்கிறோம். ஆகவே அரசு செய்தது சரி. ‘எண்ணும் எழுத்தும்’, ‘திறன்’ என்று கீழ் வகுப்புகளுக்குப் போட்ட திட்டங்களும் சரியான இடத்தில்தான் கை வைக்கின்றன.

என் குறை வேறு இடத்தில். 34 எடுத்து ஃபெயிலானவனுக்குத் துணைத்தேர்வு இருக்கிறது. பாடம் நடத்த ஆள் இருக்கிறார்கள், வாத்தியார் வீடு தேடியே வருகிறார். அவன் பெயர் ஒரு பட்டியலில் இருக்கிறது. 35 எடுத்தவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவன் பாஸ். மார்க் ஷீட்டில் தேர்ச்சி என்று விழுந்த கையோடு அவனைப் பற்றிய அக்கறையும் முடிந்துவிடுகிறது. ஜூனில் அவன் பிளஸ் ஒன் வகுப்பில் உட்காருகிறான். அங்கே அந்த எட்டு மார்க் ஜியோமெட்ரி கேள்வி கிடையாது. பத்தாவதில் தொடாமல் விட்ட அந்தப் பாதித் தாள்தான் இங்கே முதல் பாடத்திலிருந்தே வேண்டியிருக்கிறது. பாலிடெக்னிக் போனால் முதல் செமஸ்டரிலேயே கணக்கில் அரியர். வாத்தியார் திறந்துவிட்ட கதவுக்கு அந்தப் பக்கம் படிக்கட்டு இல்லை.

இலங்கையில் சாதாரண தரத் தேர்விலும் 35தான் கோடு. ஆனால் அங்கே 35 முதல் 49 வரை எடுத்தவருக்கு ‘எஸ்’, 50 தாண்டினால் ‘சி’. அடுத்த கட்டமான உயர்தரத்துக்குப் போக ஆறு பாடத்தில் சித்தி, அதாவது தேர்ச்சி, வேண்டும், அதில் மூன்றிலாவது ‘சி’ வேண்டும். எப்படிப்பட்ட பாஸ் என்று அங்கே பிரித்துப் பார்க்கிறார்கள். அதை அப்படியே இங்கே கொண்டுவந்து இன்னொரு வேலி போடச் சொல்லவில்லை. பிரித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் நமக்கு வேண்டும் என்கிறேன். ஒவ்வொரு மே மாதமும் எந்தப் பாடத்தில் எத்தனை பேர் சென்டம் என்று பட்டியல் போடுகிறோம். 35க்கும் 40க்கும் நடுவில் எத்தனை பேர் என்ற பட்டியலை நான் எந்தப் பேப்பரிலும் முதல் பக்கத்தில் பார்த்ததில்லை.

அந்தப் பட்டியலை முதலில் போடும் மாவட்டமாக அரியலூரும் பெரம்பலூரும் இருக்கலாம். யாரையும் அவமானப்படுத்த அல்ல, பெயரே வேண்டாம், எண்ணிக்கை போதும். பிளஸ் ஒன் தொடங்கும் முதல் ஒரு மாதம், 40க்குக் கீழே எடுத்த பாடங்களைத் தினம் ஒரு மணி நேரம் மறுபடி நடத்தினால் போதும். வாத்தியார்கள் இருக்கிறார்கள், கட்டடம் இருக்கிறது, பழைய கேள்வித்தாள்கள் இருக்கின்றன. 98 சதவீதம் பேரைக் கோட்டைத் தாண்ட வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது ஒன்றும் மலை அல்ல.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோருக்கும் இடம் இருக்கிறது. இந்த ஜூனில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு எழுந்து வராதீர்கள். எத்தனை பேர் பாஸ் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். 35க்கும் 40க்கும் நடுவில் எத்தனை பிள்ளைகள், அவர்களுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று நீங்கள் கேளுங்கள்.