ஒரு முனை கட்டுண்ட சங்கிலிகள்



பால்மரத்தை வெட்டியதும் மங்கில் வடியும் பாலில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "தண்ணீரும் ரப்பரும்" என்று நம் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அந்த ரப்பர் எப்படிப்பட்ட பொருள் தெரியுமா? ஐந்து கரி அணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்தது ஒரு கண்ணி. அப்படிப் பல ஆயிரம் கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலிதான் ஒரு ரப்பர் மூலக்கூறு. இத்தகைய சங்கிலிகள் உண்டு என்று ஜெர்மானிய அறிஞர் ஸ்டாடிங்கர் 1920-இல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1953-இல் அவருக்கு நோபல் பரிசே கிடைத்தது.

இந்தச் சங்கிலி ஓயாமல் நெளிந்துகொண்டே இருக்கும். தானாகச் சுருண்டு கிடக்கவே விரும்பும். இழுத்தால் நீளும், விட்டால் சுருளும். ரப்பர் வளையம் சுருங்குவதன் இரகசியம் இதுதான்.

சரி, இப்படிப்பட்ட சங்கிலிகளின் ஒரு முனையை மட்டும் ஒரு பரப்பில் ஒட்டிவிட்டால் என்ன ஆகும்?

ஒரு பலகையில் கயிறுகளை ஆணியடித்துக் கட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நாலைந்து கயிறு என்றால் அதனதன் ஆணியருகே சுருண்டு கிடக்கும். நெருக்கி நெருக்கிக் கட்டினால்? படுக்க இடமில்லை, எல்லாம் மேல்நோக்கி நிமிர்ந்துதான் ஆக வேண்டும். பல் துலக்கும் பிரஷ் போல் நிற்பதால் அறிஞர்கள் இதைத் "தூரிகை" என்றே அழைக்கிறார்கள். இதன் கணக்கை 1977-இல் அலெக்ஸாண்டர் என்பவர் தொடங்கிவைத்தார்.

தூரிகை கரைப்பானில் நனைந்திருந்தால், கரைப்பான் உள்ளே புகுந்து சங்கிலிகளை உப்ப வைக்கும். அப்போது சங்கிலிகளை எட்டு மடங்கு நெருக்கினாலும் உயரம் இரண்டு மடங்குதான் கூடும். கரைப்பானே இல்லாத உலர்ந்த தூரிகையில் கதை வேறு. இடைவெளியை நிரப்ப வேறு பொருள் கிடையாது. சங்கிலிகளே நிரப்ப வேண்டும். ஆகவே எட்டு மடங்கு நெருக்கினால் உயரமும் எட்டு மடங்கு!

சங்கிலிகளின் மறுமுனைகள் எங்கே இருக்கும்? எல்லாம் உச்சியில்தான் என்று முதலில் எளிமையாக வைத்துக்கொண்டார்கள். 1985-இல் ரஷ்ய அறிஞர் செமெனோவ், அவை அடிமுதல் உச்சிவரை எங்கும் பரவியிருக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார். அவர் கணக்கு நம் வீட்டுத் தூளியை ஒத்தது. தூளியைச் சற்றே இழுத்துவிட்டாலும் இன்னும் கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டாலும், அது நடுவுக்கு வர ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகும். அதுபோலவே சங்கிலியின் முனை அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், பரப்பை வந்தடைய அதே எண்ணிக்கைக் கண்ணிகள்தான் ஆக வேண்டும். நேரத்துக்குப் பதில் கண்ணி, அவ்வளவுதான் வித்தியாசம். இதை வைத்தே தூரிகைக்குள் அழுத்தம் பரப்பருகே மிகுந்தும் உச்சியை நோக்கிக் குறைந்தும் இருப்பதைக் கண்டார்கள்.

"இந்தக் கணக்கெல்லாம் நமக்கு எதற்கு?" என்று கேட்பீர்கள். டயரைப் பாருங்கள். வெறும் ரப்பரால் டயர் செய்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் கரித்தூளையோ சிலிக்கா தூளையோ கலக்கிறார்கள். தூளின் ஒவ்வொரு துகளும் ரப்பரோடு நன்றாகப் பிணைய வேண்டும். துகளின்மேல் நீண்ட சங்கிலிகளை அளவோடு ஒட்டினால், அவை சுற்றியுள்ள ரப்பரோடு பின்னிக்கொள்ளும். குட்டைச் சங்கிலிகளை மிக நெருக்கமாக ஒட்டினாலோ, வெளியிலுள்ள நீண்ட சங்கிலிகள் உள்ளே நுழைய முடியாது. நுழைந்தால் ஏற்கெனவே நீண்டு நிற்பவை மேலும் நீள வேண்டுமே! ஒரே இனச் சங்கிலிகளாயிருந்தும் ஒன்றையொன்று ஒதுக்கிவிடும். துகள்கள் தனியே திரண்டுவிடும். அந்த இடம் பலவீனப்படும். எத்தனை சங்கிலி, எவ்வளவு நீளம் என்பதை முன்கூட்டியே சொல்ல உதவுவது இந்தக் கணக்குதான்.

இன்னொரு செய்தியும் நம் குடும்பங்கள் அறிய வேண்டியது. இந்தக் கணக்குகளுக்கு அடித்தளம் ரப்பர் ஏன் நீண்டு சுருங்குகிறது என்ற ஆராய்ச்சி. அதில் பெரும்பங்கு, 1938-இல் இங்கிலாந்தில் தொடங்கிய பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கத்தில் நடந்தது. அங்கே பணியாற்றிய ட்ரெலோர் 1949-இல் எழுதிய நூல் இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. அந்தச் சங்கத்துக்குப் பணம் மலாயா ரப்பர்மீது வசூலித்த தீர்வையிலிருந்து போனது. இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், மழைக்கும் அட்டைக்கும் நடுவே பால் வெட்டிய நம் தாத்தா பாட்டிகளின் உழைப்பும் அதில் அடக்கம்.

இன்று பல தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஆனாலும் விமானச் சக்கரங்களில் இயற்கை ரப்பர் இன்னும் ஓடுகிறது. உங்கள் பிள்ளை அறிவியல் பாடத்தைக் கண்டு மிரண்டால், "இது நம் வீட்டுச் சொத்து, பயப்படாமல் படி" என்று சொல்லுங்கள். அதைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அடுத்த இதழில் சந்திப்போம்!