பதிவேட்டில் இல்லாத பெயர்

சென்னைக் கடற்கரையில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறொரு வேலைக்குப் பயன்பட்டது. நல்ல காரியம் நடக்கும் இடத்தில் தலைகாட்டக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட இளம் கைம்பெண்கள் அங்கே தங்கிப் படித்தார்கள். படித்து ஆசிரியைகள் ஆனார்கள். விடுதியை நடத்தியவர் சகோதரி சுப்புலட்சுமி. அவரும் பதினோரு வயதில் மணமாகி, விரைவிலேயே கணவரை இழந்தவர். 1911-ல் மாநிலக் கல்லூரியில் தேறி, சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி ஆனவர்.

அவரைப் பற்றிய மேடைப் பேச்சு பெரும்பாலும் தியாகத்தில் தொடங்கித் தியாகத்திலேயே முடிந்துவிடும். தலைமையாசிரியர் நாற்காலியில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது அவருடைய நிர்வாகத்தை. தங்க இடமில்லாமல் வெளியூர்ப் பெண் படிக்க வர மாட்டாள். அதனால் முதலில் விடுதி. படித்தவளுக்குச் சொந்தச் சம்பளம் வேண்டும். 1922-ல் லேடி வில்லிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல்வர் பொறுப்பை ஏற்றார். வயது கடந்தவர்களை ஐஸ் ஹவுஸ் விதி ஏற்கவில்லை. அவர்களுக்காக 1927-ல் சாரதா வித்யாலயம். பக்கத்துக் குப்பத்து மீனவர் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி. 1942-ல் மயிலாப்பூரில், பள்ளிப் பருவம் தாண்டிய பெண்களுக்காக ஸ்ரீவித்யா கலாநிலையம்.

விதி யாரை வெளியே நிறுத்துகிறதோ அவருக்கு அடுத்த வாசல். முப்பது ஆண்டுக் காலம் அவர் செய்தது இதைத்தான். ஐஸ் ஹவுஸ் விடுதி பிராமணக் கைம்பெண்களுக்கு மட்டும் என்று இருந்ததையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த வாசலுக்கு வெளியே நின்றவர்கள் ஏராளம்.

இன்று கணக்கு மாறியிருக்கிறது. பள்ளிக் கல்வித் தகவல் தொகுப்பான யூடைஸின் 2024-25 அறிக்கைப்படி நாட்டில் பள்ளி ஆசிரியர்கள் ஒரு கோடிக்கு மேல், அவர்களில் 54.2 விழுக்காட்டினர் பெண்கள். வகுப்பறைக்குப் பெண்கள் வந்துவிட்டார்கள். சாவிக்கொத்து யார் கையில் என்பதுதான் அடுத்த கேள்வி.

சாவி என்பது இங்கே உருவகம் அல்ல. ஓர் உயர்நிலைப் பள்ளியை நினைத்துக்கொள்ளலாம். ஒன்பதாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஒரு மாணவிக்கு ஜூலையில் மூன்று நாள் விடுப்பு, காரணம் காய்ச்சல். ஆகஸ்டிலும் மூன்று நாள், அதே காய்ச்சல். பக்கங்களைப் புரட்டி மாதங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிற தலைமையாசிரியைக்குக் காய்ச்சலின் பெயர் புரிந்துவிடும். எழுந்து போய்ப் பார்த்தால், மாணவியர் கழிப்பறைத் தாழ்ப்பாள் கழன்று கிடக்கிறது. மதியத்துக்கு மேல் தொட்டியில் தண்ணீர் இல்லை. சாவியோ அலுவலக அறை ஆணியில் தொங்குகிறது. எழுத்தர், இரண்டு ஆசிரியர்கள், யாரோ ஒரு மாணவரின் அப்பா என்று எல்லோர் முன்னாலும் வந்து அதைக் கேட்க வேண்டும். எந்தப் பதினான்கு வயதுப் பெண் கேட்பாள்? ஆணியை இடம் மாற்ற அரசாணை தேவையில்லை, நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. பார்க்கிற கண்ணும், ‘மாற்று’ என்று சொல்கிற பொறுப்பும் ஒரே ஆளிடம் இருக்க வேண்டும்.

பெண் தலைமையைப் பார்ப்பதே பிள்ளைகளிடம் மாற்றம் உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று உண்டு. மேற்கு வங்கத்தின் 495 கிராமங்களில் பொருளியலாளர் எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2012-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. இடஒதுக்கீட்டால் இரண்டு முறை தொடர்ந்து பெண் தலைவர் அமைந்த ஊர்களில், வளரிளம் பருவத்து ஆண், பெண் பிள்ளைகளின் எதிர்கால ஆசைகளுக்கு இடையிலான இடைவெளி 32 விழுக்காடு சுருங்கியது. படிப்பில் இருந்த இடைவெளி மறைந்தே போனது. பெண் பிள்ளைகள் வீட்டு வேலையில் செலவிட்ட நேரமும் குறைந்தது. அது ஊராட்சியைப் பற்றிய ஆய்வு. தலைவரை எப்போதாவது பார்க்கும் ஊரிலேயே இவ்வளவு என்றால், தினமும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் முன்னால் நிற்கிறவரைப் பற்றி யோசிக்க இடமிருக்கிறது.

திட்டங்களுக்குக் குறைவில்லை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. பணம் கல்லூரியில் கிடைக்கிறது. அதற்கான தகுதி ஆறாம் வகுப்புச் சேர்க்கையிலேயே தொடங்கிவிடுகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு அந்த ஆயிரம் வெறும் செய்தி. மாற்றுச் சான்றிதழ் கேட்டு மே மாதத்தில் வந்து நிற்கும் பெற்றோரிடம், ‘எந்தப் பள்ளியில் சேர்க்கிறீர்கள்?’ என்று கேட்டு, ஜூனில் அந்தப் பள்ளிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு விடுக்கிற தலைமையாசிரியர்தான் திட்டத்தைக் காப்பாற்றுகிறார்.

கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளி மேலாண்மைக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. தீர்மானம் எழுதி முடித்த பிறகு கையெழுத்துக்கு மட்டும் நோட்டை நீட்டினால் அந்தப் பாதிக்கு என்ன பொருள்? களை எடுக்கப் போகும் தாய்க்குக் காலை பதினொரு மணிக் கூட்டம் என்பது ஒரு நாள் கூலி. கூட்ட நேரத்தை மாலைக்கு மாற்றிய பள்ளிக்குத்தான் எந்தத் தெருவில் எந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்ற செய்தி முன்கூட்டியே வந்து சேரும்.

கல்வித் துறை செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பதவி உயர்வுக் கலந்தாய்விலும், தலைமையாசிரியர் பணியிடம் வேண்டாம் என்று உரிமை விடல் கடிதம் எழுதிக் கொடுக்கும் ஆசிரியைகள் இருக்கிறார்கள். காரணம் என்ற இடத்தில் ‘குடும்பச் சூழல்’ என்று இரண்டே சொல். கடிதத்தை வாங்கிக் கோப்பில் சேர்க்கும் அலுவலகம், அதற்கு முன் நான்கு விவரங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்: ஒதுக்கப்பட்ட பள்ளி வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர், எத்தனை பேருந்து மாற வேண்டும், கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டிய குழந்தையோ முதியவரோ உண்டா. ஒரு மாவட்டத்துக்கு ஓர் ஆண்டு இந்தக் குறிப்பை எடுத்தால் போதும். அடுத்த கலந்தாய்வுக்கு முன் எந்தெந்தப் பள்ளிகளுக்கு அருகில் குடியிருப்பு வேண்டும், எந்தத் தடத்தில் பேருந்து நேரத்தை மாற்றக் கேட்க வேண்டும் என்ற பட்டியல் மேசைக்கு வந்துவிடும்.