பரிசு நம்ம கையில் இல்லை, பயிற்சி நம்ம கையில்



குறிக்கோள் என்று சொன்னாலே நாம எல்லாரும் டாக்டர், கலெக்டர், டீச்சர் என்றுதான் எழுதுவோம். நான் எழுதப் போவது தண்டால் எடுப்பதற்கான குறிக்கோளைப் பற்றி. சிரிக்காமல் கடைசி வரைக்கும் படியுங்கள்.

நான் குண்டு எறிகிற பொண்ணு என்று உங்களுக்குத் தெரியும். போன வருஷம் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'குறுவட்டப் போட்டியில் முதல் பரிசு' என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதி வைத்தேன். தினமும் அதைப் பார்த்துவிட்டுத்தான் மைதானத்துக்குப் போவேன். போட்டி அன்று என் குண்டு 5 மீட்டர் 80 சென்டிமீட்டரில் விழுந்தது. முதலில் வந்த பொண்ணு 8 மீட்டரைத் தாண்டிவிட்டாள். பதினோரு பேரில் நான் ஒன்பதாவது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். ஒரு மாதம் மைதானத்துப் பக்கமே போகவில்லை.

இப்போ யோசிச்சுப் பார்த்தால் நான் உழைக்கவில்லை என்று சொல்ல முடியாது. நான் வைத்த குறிக்கோள்தான் தப்பு. முதல் பரிசு கிடைப்பது மற்ற பத்துப் பேர் எவ்வளவு தூரம் எறிகிறார்கள் என்பதையும் பொறுத்தது. அவர்கள் கையை நான் எப்படிப் பிடிக்க முடியும்?

இதற்குப் பெரிய உதாரணம் மணிப்பூரைச் சேர்ந்த பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் இரண்டாவது பிரிவில் மூன்று முயற்சியும் தோற்று, மொத்த எடைக் கணக்கே இல்லாமல் திரும்பினார். அவர் விட்டுவிடவில்லை. 2017-ல் 194 கிலோ தூக்கி உலக சாம்பியன் ஆனார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 202 கிலோ தூக்கி வெள்ளி வாங்கினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 199 கிலோ தூக்கியும் ஒரே ஒரு கிலோவில் வெண்கலம் போய்விட்டது, நான்காம் இடம். 2025 உலகப் போட்டியில் அதே 199 கிலோதான், ஆனால் வெள்ளிப் பதக்கம்! ஒரே எடைக்கு ஒரு தடவை பதக்கம் இல்லை, ஒரு தடவை வெள்ளி. அப்போ பதக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் நம்ம வளர்ச்சி நமக்கே தெரியாது.

எனக்கு இதைப் புரிய வைத்தது எங்க தாத்தா. எங்க தெரு பிள்ளையார் கோயில் பக்கத்தில் ஒரு உருண்டைக் கல் பாதி மண்ணுக்குள் கிடக்கிறது. அதுதான் இளவட்டக்கல். முந்தி இளவட்டங்கள் அதைத் தூக்கித் தோள் வழியாகப் பின்பக்கம் போடுவார்களாம். "ஒரே நாள்ல தூக்கினீங்களா தாத்தா?"ன்னு கேட்டேன். "கிறுக்குப் புள்ள! முதல்ல முழங்கால் வரைக்கும்தான் வரும். அப்புறம் தொடை, அப்புறம் நெஞ்சு. நெஞ்சுக்குக் கொண்டுவரவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு" என்றார். தாத்தா அன்றைக்கு முழங்காலைத்தான் பார்த்திருக்கிறார், தோளை இல்லை. நான் எடுத்தவுடனே தோளுக்கு ஆசைப்பட்டுவிட்டேன்.

மறுநாளே புது நோட்டு போட்டேன். முழுத் தண்டால் ஒன்றுகூட எனக்கு வராது. அதனால் முதல் மாதக் குறிக்கோள்: சுவரில் கை ஊன்றி இருபது தண்டால். அடுத்தது முழங்கால் ஊன்றிப் பத்து. அதற்கப்புறம் முழுத் தண்டால் ஒன்றே ஒன்று. கூடவே தோப்புக்கரணம். ஒவ்வொரு நாளும் தேதி போட்டு எத்தனை எடுத்தேன் என்று எழுதினேன். எடுக்காத நாளில் பூஜ்யம் என்று எழுதினேன். பூஜ்யம் எழுதக் கை கூசும், அதற்காகவே பல நாள் எடுத்திருக்கிறேன்!

என் அனுபவத்தில் குறிக்கோள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

1. அதில் ஒரு எண் இருக்க வேண்டும். 'பலசாலி ஆவேன்' என்று எழுதினால் ஆகிவிட்டோமா என்று எப்படித் தெரியும்?
2. அது என் கையில் இருக்க வேண்டும். அடுத்தவள் தோற்றால்தான் நடக்கும் என்று இருக்கக் கூடாது.
3. கொஞ்சம் கஷ்டப்பட்டால் எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும்.
4. ஓய்வு நாளும் அதில் இருக்க வேண்டும். நான் வாரத்தில் மூன்று நாள்தான் தண்டால் எடுக்கிறேன். தசை தேறி வருவது ஓய்வில்தான்.

இன்னொரு விஷயம். முதல் சில வாரங்களில் கையைப் பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. அங்கேதான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் தசை பெருக்கும் முன்பே நரம்புகள் தசையை நன்றாக வேலை வாங்கப் பழகிவிடும், பலம் முதலில் அப்படித்தான் கூடுகிறது. அது கண்ணாடியில் தெரியாது, நோட்டில்தான் தெரியும். அதனால்தான் எழுதச் சொல்கிறேன்.

சிலர் "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம், கை ஆம்பள கை மாதிரி ஆயிடும்" என்கிறார்கள். எங்க அம்மாவும் சொன்னார்கள். நான் அம்மாவிடம் கேட்டேன்: "நம்ம குடம் 15 லிட்டர் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணி ஒரு கிலோ. தினமும் ஆறு குடம் தூக்குறேனே, அப்போ ஏம்மா யாரும் ஒண்ணும் சொல்லல?" அம்மா சிரித்துவிட்டார்கள். 5 வயதிலிருந்து 17 வயது வரை உள்ளவர்கள், ஆணோ பெண்ணோ, தினமும் ஒரு மணி நேரமாவது உடல் உழைப்பு செய்ய வேண்டும், வாரம் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் பலம் தரும் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதற்கு ஜிம்மும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். சுவர் இருக்கிறது, தரை இருக்கிறது, சத்துணவில் முட்டை இருக்கிறது. முட்டையை வைத்துவிட்டு எழுந்திருக்கும் தோழிகளே, தயவு செய்து சாப்பிடுங்கள்!

இந்த வருஷக் குறுவட்டப் போட்டிக்கு நான் வைத்த குறிக்கோள் 6 மீட்டர் 50. எறிந்தது 6 மீட்டர் 72. ஐந்தாவது இடம். பரிசு இல்லை, மேடையில் பேர் கூப்பிடவில்லை. கொஞ்சம் வருத்தம் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் இந்தத் தடவை பக்கத்தைக் கிழிக்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு மைதானத்தில் இருந்தேன். இப்போது முழுத் தண்டால் எட்டு எடுக்கிறேன்.

ஆசிரியர்களிடம் இரண்டு வேண்டுகோள். விளையாட்டு பீரியடை மற்ற பாடத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். கணக்கு எங்களுக்கு முக்கியம்தான், ஆனால் எங்கள் உடம்புக்கு வாரத்தில் கிடைப்பதே அந்த இரண்டு பீரியட்தான். இரண்டாவது, பரிசு வாங்கினவர் பேரை மட்டும் பலகையில் எழுதாமல், போன மாதத்தைவிட இந்த மாதம் முன்னேறினவர் பேரையும் எழுதுங்கள். அந்தப் பலகையில் எல்லாருக்கும் இடம் கிடைக்கும்.

தோழிகளே, அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இன்றைக்கு எத்தனை அடி என்று எழுதி வைத்துவிட்டு அடியுங்கள். இதைப் படித்து முடித்ததும் இந்தச் சுவரிலேயே கை ஊன்றி ஐந்து தண்டால் எடுங்கள். ஆனால் தாளைக் கிழித்துவிடாதீர்கள், எழுத இரண்டு நாள் ஆனது!



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி