கேட்டால் கெட்டுவிடுமா படம்?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஏலம் சூடு பிடித்திருக்கும். மீன் கூடைகளோடு கேமராக்களும் வந்து இறங்கியிருக்கும். குனிந்து மீன் வெட்டும் பெண்ணின் முகத்துக்கு இரண்டடி தள்ளி ஒரு லென்ஸ். அவள் நிமிர்வதற்குள் எடுத்தவர் அடுத்த முகத்துக்குப் போயிருப்பார். மாலையில் அந்தப் படம் இணையத்தில் ஏறும். கீழே ‘உழைப்பின் அழகு’ என்று எழுதியிருக்கும். உழைத்தவளின் பெயர் இருக்காது.

அப்படி எடுத்தவர்களில் நானும் ஒருத்தி. கேமரா வாங்கிய புதிதில், ஐஸ் பெட்டிமேல் சாய்ந்து கண்ணயர்ந்திருந்த ஓர் அக்காவை எடுத்தேன். கல்லூரிக் கண்காட்சியில் ஏகப்பட்ட பாராட்டு. பெருமையோடு ஒரு பிரதியைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினேன். வெகுநேரம் பார்த்தார். “மாராப்பு வெலகிக் கெடக்குது கண்ணு. இத்தப் போயா எல்லாருக்கும் காட்டுன? எழுப்பியிருந்தா சரி பண்ணிக்கினு ஒக்காந்திருப்பேன்ல?” என்றார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

கேட்டால் இயல்பு கெட்டுவிடும், ‘கேண்டிட்’ தான் கலை என்கிறார்கள். யாருடைய இயல்பு? இந்த ஊரில் ஒரு பெண் வயதுக்கு வந்த நாளிலிருந்து, தெருவில் யார் தன்னைப் பார்க்கிறார்கள் என்று கவனித்தபடியேதான் நடக்கிறாள். பேருந்து நிலையத்தில் ஒருவன் கண்கொட்டாமல் பார்த்தால் அதைச் சீண்டல் என்கிறோம். அதே பார்வை ஒரு லென்ஸைப் போட்டுக்கொண்டு வந்தால் எப்படிக் கலையாகும்? அவள் அறியாத நேரத்தில் எடுத்ததை அவளுடைய உண்மை முகம் என்பது எடுத்தவரின் வசதி, அவ்வளவே.

இந்த ‘கேண்டிட்’ யார்மீது பாய்கிறது என்றும் பாருங்கள். பங்களா மாடியில் காபி குடிக்கும் பெண்ணை எவரும் இப்படி எடுப்பதில்லை. காவலாளி வருவார், வக்கீல் வருவார். துறைமுகத்தில், செங்கல் சூளையில், கூவாகம் திருவிழாவில் மட்டும் கை தானாக ஷட்டரை அழுத்துகிறது. “பொது இடம்தானே, சட்டம் தடுக்கவில்லையே” என்பது அடுத்த வாதம். சட்டம் தடுக்காததெல்லாம் நியாயம் என்றால், பெண்கள் எதற்குப் போராடினோம்?

எடுப்பவர் பெண் என்றால் இந்தக் குற்றம் கழிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். 1936-இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிப்போர் முகாமில், டோரதியா லாங்கே ஒரு தாயைப் படமெடுத்தார். ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று உலகமே அறிந்த படம். அவளுடைய பெயரைத் தான் கேட்கவில்லை என்று லாங்கேயே பின்னாளில் எழுதினார். ஃப்ளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற அந்தப் பெயர் 1978-இல்தான் வெளியே தெரிந்தது. பெயர் கேட்கவில்லை, பிரதி அனுப்புவதாகச் சொன்னார், அனுப்பவில்லை என்பதே அவருடைய மனக்குறை. லாங்கேயின் நோக்கம் நல்லதுதான். நல்ல நோக்கம் ஒரு பெயரைக்கூட விசாரிக்க வைக்கவில்லை.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1989-இல் டெல்லியில், லண்டன் பத்திரிகை ஒன்றுக்காக மோனா அகமது என்ற திருநங்கையைப் படமெடுத்தார் தயானிதா சிங். படம் லண்டனில் வெளியாகும் என்று தெரிந்ததும் மோனா ஃபிலிமைத் திருப்பிக் கேட்டார். தயானிதா கொடுத்துவிட்டார். அன்று இழந்த சுருளிலிருந்துதான் அந்த நட்பு தொடங்கியது. 2001-இல் மோனாவின் சொந்த வார்த்தைகளோடு ஒரு புத்தகமே வந்தது.

ஆகவே, கேமராவோடு கிளம்பும் தங்கைகளே, கேளுங்கள். கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. பத்துப் பேராகச் சூழ்ந்து நின்று கேட்டால் அது கேள்வி அல்ல, மிரட்டல். வியாபாரத்தின் நடுவில் கேட்காதீர்கள். கை ஓயும்வரை நில்லுங்கள். கேமராவைக் கீழே இறக்கி, முகத்துக்கு நேரே நின்று, முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். எதற்கு எடுக்கிறீர்கள், எங்கே வரும் என்பதைச் சொல்லுங்கள். அவளுடைய முதலாளியிடமோ கணவனிடமோ அனுமதி வாங்கிவிட்டு வராதீர்கள், முகம் அவளுடையது. தலை சீவ வேண்டும் என்றால் காத்திருங்கள். எடுத்ததைக் காட்டுங்கள், பிடிக்கவில்லை என்றால் அவள் கண்முன்னே அழியுங்கள். காசு கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். மாடலாக நிற்பதும் வேலைதான், வேலைக்குக் கூலி உண்டு. பிரதி தருவதாகச் சொன்னால் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும்வரை அந்தப் படம் முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“வேணாம்” என்று அவள் சொன்னால்? நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். ஏன் என்று கேட்காதீர்கள், தூரம் போய் ஜூம் போட்டு எடுக்காதீர்கள். வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லாத ஓர் உலகத்துக்காகத்தான் நாம் இத்தனை காலம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதை நம் கேமராவுக்கு முன்னால் நிற்பவளிடமிருந்து தொடங்குவோம்.