காமிக்ஸ் புத்தகத்தை எரிக்காதீர்கள்!

"டாக்டரய்யா, பய ராத்திரி திடீர்னு எந்திரிச்சு அலறுறான். எல்லாம் இந்தப் பேய்க்கதை காமிக்ஸ் படிச்ச வினை. எரிச்சுப் போட்டுரவா?"

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாய்மார்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. வேண்டாம் என்பதே என் பதில்.

நமக்குப் பக்கத்திலிருக்கும் சிவகாசியில்தான் 1972-ல் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் பிறந்தது. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர், பெல்ஹாம், ஆர்டினி என்ற கூட்டாளிகளோடு அட்டகாசம் செய்து, பிறகு நல்லவர் பக்கம் வந்த கதையை நம்மில் எத்தனை பேர் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்திருக்கிறோம்! அமானுஷ்யக் குற்றங்களைத் துப்பறியும் இத்தாலிய டைலன் டாக்கும் தமிழ் பேசிவிட்டார். இவற்றைப் படித்து வளர்ந்தவர்கள் இன்று நல்ல குடும்பஸ்தர்களாகத்தானே இருக்கிறார்கள்?

இருட்டும் பேயும் வில்லனும் வந்தாலும், கடைசியில் நியாயம் ஜெயிக்கும் என்று தெரிந்தே பிள்ளை பக்கத்தைப் புரட்டுகிறது. அது பயத்தைத் தாங்கிப் பழகும் ஒரு வழி.

அப்படியானால் அலறல்? தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அலறி, கூப்பிட்டாலும் தெளியாமல், காலையில் ஒன்றுமே நினைவில்லை என்றால் அது தூக்க அலறல். விடியற்காலையில் விழித்து, கண்டதைச் சொல்லி அழுதால் கெட்ட கனவு. தூக்க அலறலைத் தூண்டுபவை பெரும்பாலும் தூக்கக் குறைவு, காய்ச்சல், களைப்பு போன்றவையே. 6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். பதினொரு மணி வரை டி.வி.யும் செல்போனும் ஓடும் வீட்டில் அது எப்படிக் கிடைக்கும்? பழியை மட்டும் புத்தகத்தின் தலையில் போடுகிறோம்!

அலறும்போது உலுக்கி எழுப்பாதீர்கள். விழுந்து அடிபடாமல் பக்கத்தில் இருங்கள், தானாக அடங்கும். 'பேய் பிடிச்சிருக்கு' என்று பிள்ளை காதுபட மட்டும் பேசாதீர்கள். கதையில் வந்த பேய் புத்தகத்தை மூடினால் போய்விடும். பெற்ற தாய் சொன்ன பேய் எங்கே போகும்? மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். கை கால் வெட்டி இழுப்பது, நாக்கைக் கடிப்பது, புதிதாகப் படுக்கையில் சிறுநீர் போவது இருந்தால் வலிப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சித்த வைத்தியனான நானே இதைச் சொல்கிறேன். தூக்கத்துக்கு ஜாதிக்காய் அரைத்துக் கொடுப்பதும் வேண்டாம். அளவு மீறினால் அது நஞ்சு.

ஒரு எச்சரிக்கை மட்டும் அவசியம். கதையில் மின்சாரம் பாய்ந்ததும் மாயாவி மறைந்துபோவார். நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். கை வைத்தால் உயிர்தான் மறையும். இதைப் பிள்ளைக்குப் புரியும்படி சொல்லி வையுங்கள்.

காமிக்ஸைச் சாயங்காலம் படிக்கட்டும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம். நேரம் கிடைத்தால் நீங்களும் உடன் உட்கார்ந்து படியுங்கள். 'அந்த வில்லனைப் பார்த்தா உனக்கு என்னடா தோணுது?' என்று கேளுங்கள். பிள்ளையின் மனதில் என்ன பயம் இருக்கிறது என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.