உயர்திணையாரை ஒதுக்கலாமோ?

ஆண், பெண் என்னும் இரு வரம்பினுள் அடங்காதாரை இழித்துரைக்கும் சொற்கள் பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சிற்றூர்களில் இன்றும் திண்ணைதோறும் வழங்குகின்றன. பள்ளி மாணவர் நாவிலும் ஏறியுள்ளன. அயற்சொல் ஒன்று கலப்பினும் கொதித்தெழும் நாம், தமிழ்ச்சொல்லே தமிழரைக் குத்துங்கால் வாளாவிருத்தல் முறையாகுமோ?

“இது மேலையர் சரக்கு, நமக்கு வேண்டா” என்பர் நம்மவருள் சிலர். அமெரிக்க அறிஞர் சூடித்து பட்லர் 1990-இல் எழுதிய நூலால் வலுப்பெற்ற பால்புதுமைக் கோட்பாடு, ஆண்மையும் பெண்மையும் குமுகாயம் நாளும் பயிற்றி நிலைநிறுத்துவன என்கின்றது. கோட்பாடு மேலையருடையதே, அது பேசும் மாந்தரோ எந்நிலத்தும் உள்ளவர். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஆண்மை திரிந்தாரைத் தெய்வப் பெயரோடு ஒரே நூற்பாவில் வைத்து, அவர் பெயர் உயர்திணை முடிபே கொள்ளும் என்றார். அஃறிணை போலவும் வரும் எனப் பின்னர் இடந்தந்தது நன்னூல். நாம் கைக்கொள்ளத்தக்கது முன்னதே.

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் இராசேந்திரன் எடுத்த கோயிற் சுவரில் மாதொருபாகன் திருவுருவம் உள்ளது. அதனைத் தொழுத கையாலேயே தெருவில் திருநங்கையரை விரட்டுவது எவ்வகை நெறி?

உண்மையில் வந்தேறியது எது? 1860-இல் ஆங்கிலேயர் இயற்றிய தண்டச் சட்டத்தின் 377-ஆம் பிரிவே. அகவை நிறைந்தோர் இசைந்து வாழும் வாழ்வை அது குற்றமாக்கியது செல்லாது என இந்திய உச்ச வழக்குமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. சென்னை உயர் வழக்குமன்ற நடுவர் ஆனந்து வெங்கடேசு 2021-இல், இரு பெண்டிர் தொடுத்த வழக்கில், தாம் அறியாதவற்றை உளவியலாரிடம் முதற்கண் கேட்டறிந்து பின்னரே ஆணையிட்டார். அம்மன்றத்தின் தூண்டுதலால், இவர்களை மதிப்புடன் சுட்டுதற்குரிய சொற்பட்டியலைத் தமிழக அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்டது.

சொல்லாக்கம் நம் பணியன்றோ? அப்பணியை வழக்குமன்றம் நினைவூட்ட வேண்டியதாயிற்றே! இனியேனும் நம் மன்றங்கள் சிற்றூர்தோறும் செல்லுக. செல்லுமுன் திருநங்கையரையும் திருநம்பியரையும் அவையில் அமர்த்தி, எப்பெயரால் விளிக்கப்பட விரும்புகின்றனர் என அவரையே கேட்க. அவரை விலக்கி அவர்பொருட்டுப் பேசுதல் அறமன்று. ஆசிரியர்கள் இழிசொல்லை வகுப்பிலேயே தடுத்துத் தக்க சொல்லைப் பயிற்றுக.

“அவர் வந்தார்” என்னும் தொடரில் ஆணென்றும் பெண்ணென்றும் பிரிவில்லை. மதிப்பு மட்டுமே உண்டு. தமிழ் வழங்கும் அம்மதிப்பைத் தமிழர் மறுத்தல் தகாது.