அண்ணன் பேரில் மட்டும் எழுத வேண்டாம்

நம் தெருவில் நிலம் வாங்குவது தனியாள் காரியம் அல்ல. அண்ணன் சீட்டெடுப்பார். தம்பி ஒரகடத்துக் கம்பெனியில் சேர்த்த சம்பளத்தைத் தருவான். அக்கா நகையை அடகு வைப்பாள். சித்தப்பா கறவை மாட்டை விற்பார். இப்படி ஐந்தாறு குடும்பங்கள் கைகோத்தால்தான் ஒரு ஏக்கரோ இரண்டு ஏக்கரோ நம் கைக்கு வரும். மதுராந்தகம், செய்யூர் பக்கம் இப்படிச் சேர்ந்து வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே பெருகுகின்றன. இது நல்ல மாற்றம். ஆனால் பத்திரம் எழுதும் நாளில் நாம் காட்டும் அசட்டை, வியர்வை சிந்தி வாங்கிய நிலத்தைச் சில ஆண்டுகளிலேயே சண்டைக்காடாக்கி விடுகிறது.

நமக்கு நிலம் என்பது வெறும் சொத்தல்ல. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892-இல் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்தது. பத்தாண்டுகள் விற்கக்கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்த அந்த நிலங்கள்தான் பஞ்சமி நிலங்கள். நிபந்தனை இருந்தும் அவற்றில் பெரும்பகுதி கைமாறிப் போனது. அவற்றை மீட்கக் கேட்ட போராட்டத்தில்தான் 1994 அக்டோபரில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டார்கள். அந்த மீட்புப் போராட்டம் முடியவில்லை. அது ஒருபுறம் நடக்க, காசு கொடுத்து வாங்குகிற நிலத்தையாவது இழக்காமல் இருக்க வேண்டாமா?

நடப்பது என்ன? "குடும்பத்துக்குப் பெரியவர், அவர் பேரிலேயே இருக்கட்டும்" என்று அண்ணன் ஒருவர் பேரில் கிரையம் முடிக்கிறோம். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது ஒரு பழைய நோட்டில் இருக்கும். அதுவும் இல்லாமல் போகும். அண்ணன் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. அவர் காலமான பிறகு வாரிசுச் சான்றிதழில் அண்ணியும் பிள்ளைகளும் இருப்பார்கள். பணம் போட்ட தம்பி, தங்கை பெயர் எங்கும் இருக்காது.

கோர்ட்டுக்குப் போகலாமே என்பார்கள். 1988-ஆம் ஆண்டின் பினாமி தடைச் சட்டத்தை ஒருமுறை படியுங்கள். உடன்பிறந்தவர்கள் கணக்குள்ள பணத்தில் வாங்கி, பணம் போட்டவர் பெயரும் கூட்டு உரிமையாளராகப் பத்திரத்தில் இருந்தால் அது பினாமி ஆகாது. ஒருவர் பெயர் மட்டும் இருந்தால், "என் பணமும் இதில் இருக்கிறது" என்று மற்றவர் வழக்குத் தொடுக்கவே அந்தச் சட்டம் தடையாகக் கூடும். மாமன், மச்சானோடு சேர்ந்து வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

ஆகவே பணம் போட்ட அத்தனை பேர் பெயரும் கிரையப் பத்திரத்தில் வரட்டும். அவரவர் பங்கு எவ்வளவு என்பதும் எழுத்தில் வரட்டும். பங்கைக் குறிப்பிடாமல் விட்டால், போட்ட பணத்தின் விகிதப்படி பங்கு என்கிறது சொத்து மாற்றுச் சட்டம். யார் எவ்வளவு போட்டார் என்பதற்குச் சாட்சியம் இல்லையென்றால் எல்லாருக்கும் சமம் என்று கொள்ளும். அதனால் பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுங்கள்.

பெண்கள் விஷயத்தில் நாமும் ஊரைப் போலவே நடக்கிறோம். அடகுக்குப் போவது அவள் கம்மல். பத்திரத்தில் ஏறுவது அவன் பெயர். இது அநியாயம் மட்டுமல்ல, நஷ்டமும்கூட. நிலமற்ற ஆதிதிராவிடப் பெண் விவசாயத் தொழிலாளர்கள் நிலம் வாங்கத் தாட்கோ வழியாக நன்னிலம் திட்டம் இருக்கிறது. விலையில் பாதி, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் மானியம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் விலக்கு. கிரையம் முடிக்கும் முன்பே தாட்கோ மாவட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கச் சான்றிதழ், பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் நான்கையும் பாருங்கள். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இதைச் செய்யலாம். பெரும்பாலானவை செல்போனிலேயே கிடைக்கின்றன. மலிவாக வருகிற நிலம் பஞ்சமி நிலமா என்று பழைய பதிவேட்டில் தேடுங்கள். நம்மிடமிருந்து பறித்ததை நமக்கே விற்பவர்களும் உண்டு. இன்னொன்று வழி. நாலு பக்கமும் ஊர்க்காரர் நிலம், நடுவில் நம் நிலம் என்றால், வரப்பில் நடக்கவும் ஏர் ஓட்டிப் போகவும் அவர்கள் தயவு வேண்டும். பாதை உரிமை பத்திரத்தில் இல்லாத நிலத்தை எவ்வளவு மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள்.

வாங்கிய பிறகு உடனே கயிறு பிடித்துப் பிரிக்கவும் அவசரப்படாதீர்கள். இரண்டு ஏக்கரை ஆறாகப் பிரித்தால் ஆளுக்கு 33 சென்ட். கிணற்றையும் மின் இணைப்பையும் ஆறாக அறுக்க முடியாது. 1947-இல் 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் நிலத்தை அரசுடைமையாக்கிக் கூட்டுப் பண்ணையாக நடத்தச் சொன்னார் அண்ணல் அம்பேத்கர். அரசு அதைச் செய்யவில்லை. ஒரு குடும்பத்துப் பங்காளிகள் சிறிய அளவில் செய்து பார்க்கலாம். செலவும் வரவும் ஒரே நோட்டில், மாதம் ஒருமுறை எல்லார் முன்னிலும் கணக்கு.

ஒருவருக்குப் பணமுடை வந்து பங்கை விற்க நேர்ந்தால், முதலில் பங்காளிகளிடமே கேட்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். நம் நிலம் வெளியாள் கைக்குப் போவது பெரும்பாலும் இப்படி ஒரு பங்கு வழியாகத்தான். ஒற்றுமையாகச் சேர்த்த நிலம் ஒற்றுமையாக நிலைக்க, பாசத்தோடு பத்திரமும் வேண்டும்.